பாம் பீச் பட்டாம்பூச்சி ஓட்டுச் சீட்டு: ஐந்துக்கு ஒன்று

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் எழுத்து பெரிதாக இருந்ததற்குத்தான்.

மிக்சிக்கும் சீலிங் ஃபேனுக்கும் எழுதுகிற மாதிரி ஓட்டுச் சீட்டுக்கெல்லாம் விமர்சனம் எழுதலாமா என்றால், ஏன் எழுதக்கூடாது? அதுவும் ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்து, அச்சடித்து, லட்சக்கணக்கான பேரிடம் நீட்டிய பொருள்தானே. மிக்சியாவது பிடிக்கவில்லை என்றால் கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றிக்கொள்ளலாம், ஓட்டுச் சீட்டைப் பெட்டியில் போட்ட பிறகு யாரிடம் போய் என்ன கேட்பது? நான் எடுத்துக்கொண்டது 2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், பாம் பீச் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மக்களிடம் கொடுக்கப்பட்ட சீட்டு. ஜார்ஜ் புஷ்ஷும் அல் கோரும் மோதிய அதிபர் தேர்தல். மாநிலம் முழுக்க கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டு விழுந்து, கடைசியில் இருவருக்கும் வித்தியாசம் 537. அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாகக் கிடைக்கும் எலக்டோரல் ஓட்டு, ஃபுளோரிடாவில் ஜெயித்தவருக்கு அந்த மாநிலத்தின் ஓட்டு மொத்தமும். அந்த 537ஐ வைத்துத்தான் ஃபுளோரிடாவின் 25 எலக்டோரல் ஓட்டும், அதோடு சேர்த்து அதிபர் பதவியும் புஷ்ஷுக்குப் போனது.

பொருளைப் பார்ப்போம். வோட்டோமேட்டிக் என்று ஒரு கருவி. கால்களை விரித்து நிறுத்தினால் மேலே சாய்வாக ஒரு பலகை, அதில் பக்கங்களைப் புரட்டுகிற மாதிரி வேட்பாளர் பட்டியல். உங்கள் கையில் ஒரு பஞ்ச் கார்டு கொடுப்பார்கள், அதைப் பட்டியலுக்கு அடியில் செருகி, மேலே இருக்கும் இரண்டு முளைகளில் மாட்டவேண்டும். பிறகு ஒரு குத்தூசியை எடுத்து, வேண்டிய ஆளுக்கு எதிரே இருக்கும் துளையில் குத்தினால் அடியில் கார்டில் ஓட்டை விழும். அவ்வளவுதான். பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த கருவி, பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கியவரை பெரிய சத்தம் வரவில்லை.

2000த்தில் அடங்கவில்லை. சின்னக் கட்சிகளும் எளிதாகப் போட்டியிடலாம் என்று 1998ல் ஃபுளோரிடா தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியிருந்தது, அதனால் அதிபர் பதவிக்கு மட்டும் 10 ஜோடி (அதிபர், துணை அதிபர்) வேட்பாளர்கள். பாம் பீச்சின் தேர்தல் அதிகாரி தெரசா லெபோர் யோசித்தது இதுதான்: எல்லாப் பெயரையும் ஒரே பக்கத்தில் திணித்தால் எழுத்து பொடியாகிவிடும், இங்கே ஓட்டுப் போடுபவர்களில் ஓய்வு பெற்ற வயசாளிகள் ஏராளம், அவர்களால் படிக்க முடியாது. அதனால் பெயர்களை இடப் பக்கம் ஆறு, வலப் பக்கம் நாலு என்று இரண்டாகப் பிரித்துப் போட்டார். துளைகள் மட்டும் நடுவில், மேலிருந்து கீழாக ஒரே வரிசை. விரித்த சிறகு மாதிரி இருந்ததால் பட்டாம்பூச்சி என்று பெயர் வந்தது. பெயரில் மட்டும் அழகு.

சிக்கல் எங்கே என்று பாருங்கள். இடப் பக்கத்தில் முதல் பெயர் புஷ், அவருக்கு முதல் துளை. இடப் பக்கத்தில் இரண்டாவது பெயர் கோர். அவருக்கு எந்தத் துளை? மூன்றாவது. இரண்டாவது துளை வலப் பக்கத்தில் முதலாவதாக இருக்கும், ரிஃபார்ம் கட்சி என்ற சின்னக் கட்சியின் வேட்பாளர் பேட் பியூக்கானனுக்கு. அதாவது துளைகள் இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறிப் போகும், ஆனால் படிக்கிற கண் இடப் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படித்துவிட்டுத்தான் வலப் பக்கம் போகும். இதற்கு மேல் துளைகளுக்கு எண் வேறு, அதுவும் 3ல் தொடங்குகிறது: புஷ் 3, பியூக்கானன் 4, கோர் 5. கோர் கட்சிப் பெட்டியின் மேல் பாதி போய் நிற்பது 4ஆம் துளைக்குப் பக்கத்தில். எந்தத் துளை யாருக்கு என்று காட்ட அம்புக்குறி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சிக்கலை உண்டாக்கிவிட்டு அதைத் தீர்க்க அம்புக்குறி போடுவது என்ன வகை வடிவமைப்பு என்று எனக்குப் புரியவில்லை.

இந்தச் சீட்டின் படத்தை அச்செடுத்து, நடுவில் துளைகளுக்கு வட்டம் போட்டு, என் மாமனாரிடம் கொடுத்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், பணியில் இருந்த காலத்தில் தேர்தல் வந்தால் பூத்தில் பிரிசைடிங் ஆபீசராக உட்கார்ந்தவர், ஓட்டுச் சீட்டு விஷயத்தில் அவரை ஏமாற்றுவது கஷ்டம். "மாமா, இதுல கோருக்கு ஓட்டுப் போடுங்க" என்றேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பென்சிலை நேராக இரண்டாவது வட்டத்தில் வைத்துவிட்டார். அம்புக்குறியைப் பாருங்க என்றதும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது பேருக்கு ரெண்டாவது ஓட்டைதானே மாப்பிள்ளை, இதுக்கு எதுக்கு அம்புக்குறி?" என்று என்னையே கேட்டார். அப்புறம் சொன்னார்: "சரி, தப்பாக் குத்திட்டேன்னே வைங்க. குத்தினது யாருக்குன்னு கார்டுல இருக்குமில்ல?"

இருக்காது. இந்தப் பொருளின் உண்மையான குறை இதுதான், பட்டாம்பூச்சி வடிவத்தை விடவும் எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. பெயர்கள் எல்லாம் கருவியோடு இருக்கும் பக்கங்களில். கையில் வரும் கார்டில் எண்களும் ஓட்டைகளும் மட்டும். கார்டை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் 4ல் ஓட்டை விழுந்திருக்கிறது என்று தெரியும், 4 என்றால் யார் என்று கார்டு சொல்லாது. தப்பு செய்தவருக்குத் தான் தப்பு செய்தது தெரியவே வழியில்லை. போதாததற்கு, பாம் பீச்சில் கார்டுகளை எண்ணியது பூத்தில் இல்லை, எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுபோய் இரவில் எண்ணினார்கள். அதே ஃபுளோரிடாவில் வேறு சில கவுண்டிகளில் ஸ்கேனரை பூத்திலேயே வைத்திருந்தார்கள், இரண்டு பேருக்குக் குறி போட்டுவிட்டால் மெஷின் சீட்டை அங்கேயே வெளியே தள்ளிவிடும், புதுச் சீட்டு வாங்கித் திருத்திப் போடலாம். அந்த இடங்களில் இப்படிச் செல்லாமல் போன ஓட்டு மிகக் குறைவு.

பாம் பீச்சில் என்ன ஆனது? மொத்தம் நாலரை லட்சத்துக்கு மேல் ஓட்டு. அதில் 19,000க்கும் மேல் செல்லாதவை, காரணம் அதிபர் பதவிக்கு ஒன்றுக்கு மேல் ஓட்டை. பிற்பாடு உள்ளூர்ப் பத்திரிகை கார்டுகளை எடுத்து ஆராய்ந்தபோது, கோர், பியூக்கானன் இருவருக்கும் குத்தியவை மட்டும் 5,330. கோருக்கும் அவருக்கு அடுத்த துளைக்காரரான சோஷலிஸ்ட் மெக்ரேனால்ட்ஸுக்கும் குத்தியவை 2,908. இவர்கள் பலர் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. சிலர் 4ல் குத்திய பிறகு, அடடா அது 5 இல்லையா என்று உணர்ந்து அதையும் குத்தியிருப்பார்கள். சிலர் பெட்டிக்குள் அதிபர், துணை அதிபர் என்று இரண்டு பெயர் இருக்கிறதே, ஆளுக்கு ஒன்று குத்தவேண்டும் போல என்று நினைத்திருப்பார்கள். பட்டியலின் தலைப்பிலேயே குழுவாக ஓட்டுப் போடவும் என்று ஒரு வரி அச்சடித்திருந்தால் வேறு என்ன தோன்றும்?

இது செல்லாமல் போன கணக்கு. செல்லுபடியாகி, தப்பான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது தனி. பியூக்கானனுக்கு அந்த ஒரு கவுண்டியில் மட்டும் 3,400 ஓட்டு, மாநிலம் முழுக்க அவர் வாங்கியதே 17,484. பக்கத்துக் கவுண்டியான பிரோவர்டில் 800ஐக்கூட எட்டவில்லை. பாம் பீச் கோருக்கு 62 சதவிகிதம் போட்ட ஊர், அதிலும் யூத முதியவர்கள் நிறைய வசிக்கும் ஊர். கோரின் துணை அதிபர் வேட்பாளர் லீபர்மன்தான் ஒரு பெரிய கட்சியின் அணியில் இடம்பெற்ற முதல் யூதர். யூதர்களிடையே பியூக்கானனுக்கு இருந்த பெயரோ சொல்லும்படி இல்லை. புஷ் தரப்பின் பேச்சாளர் இதைப் பியூக்கானனின் கோட்டை என்றார். பியூக்கானன் அந்த வகையில் நேர்மையானவர், அந்த ஓட்டுகளில் பெரும்பாலானவை தனக்குப் போட நினைத்தவை அல்ல என்று டிவியில் அவரே ஒத்துக்கொண்டார். 2001ல் ஆய்வாளர்கள் சிலர் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள். அதே கவுண்டியில் தபால் ஓட்டுப் போட்டவர்களுக்குப் பட்டாம்பூச்சிச் சீட்டு கிடையாது, அதனால் இரண்டையும் ஒப்பிட்டார்கள். தபால் ஓட்டில் பியூக்கானனுக்குக் கிடைத்த விகிதத்தைப் போல் நாலு மடங்கு பூத்தில் கிடைத்திருந்தது, ஃபுளோரிடாவின் வேறு எந்தக் கவுண்டியிலும் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை. கோருக்குப் போட நினைத்த 2,000 பேருக்கு மேல் பியூக்கானனுக்குப் போட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் முடிவு. வித்தியாசம் 537தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது மறுபக்கம். அம்புக்குறியைப் பார்த்துக் குத்தத் தெரியாதவன் ஓட்டுப் போடவே வரக்கூடாது என்று அன்றைக்கே சொன்னார்கள், இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. கிழவர்களை வைத்து அமெரிக்க டிவியில் செய்த கிண்டலுக்கு அளவே இல்லை. அந்த வாதத்தை நான் முழுசாகத் தள்ளிவிடவில்லை. மாதிரிச் சீட்டு முன்கூட்டியே அனுப்பப்பட்டது. தேர்தலுக்கு முன் இரண்டு பெரிய கட்சிகளிடமும் வடிவம் போனது, ஒருவரும் ஆட்சேபம் சொல்லவில்லை. லெபோரே கோரின் கட்சிக்காரர், சதி என்று சொல்ல வழியில்லை. தப்பாகக் குத்திவிட்டால் கார்டைத் திருப்பிக் கொடுத்துப் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. ஓட்டுப் போடுவது கடமை என்றால் சரியாகப் போடுவதும் அதில் சேர்ந்ததுதான், குழப்பமாக இருந்தால் பூத்தில் இருப்பவரிடம் கேட்க வாய் இருக்கிறது. இதெல்லாம் நியாயம். முதல் குத்து தப்பு என்று தெரிந்த பிறகும் புதுக் கார்டு கேட்காமல் அதே கார்டில் இரண்டாவது ஓட்டை போட்டவர்களிடம் எனக்கும் கொஞ்சம் கோபம் உண்டு.

ஆனால் இந்த நியாயம் எங்கே போய் நிற்கிறது? தப்பு தெரிந்தவரிடம். 4ல் குத்திவிட்டு, கோருக்குப் போட்டாகிவிட்டது என்று திருப்தியாக வீட்டுக்குப் போன 2,000 பேர் எதைத் திருப்பிக் கொடுப்பார்கள், யாரிடம் என்ன கேட்பார்கள்? வாக்காளரின் பொறுப்பு பற்றிப் பாடம் எடுப்பவர்கள் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. மாதிரிச் சீட்டை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பார்ப்பதும், பின்னால் வரிசை நிற்க, குத்தூசியோடு சாய்வுப் பலகைக்கு முன்னால் நிற்பதும் ஒன்றில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆட்கள் அதே வருஷம் ஒரு ஷாப்பிங் மாலில் வந்துபோகிறவர்களிடம் இந்த இரட்டைப் பக்க வடிவத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிழவர்களும் இல்லை, ஃபுளோரிடாவும் இல்லை, அங்கேயும் சிலர் தப்பான ஆளுக்குக் குறி போட்டார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. அன்று பகலிலேயே புகார் குவிந்து, லெபோர் அலுவலகம் பூத் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒரே ஒரு அதிபர் வேட்பாளருக்குத்தான் ஓட்டு, தான் விரும்பும் வேட்பாளருக்குப் பக்கத்தில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறிக்குப் பக்கத்தில் உள்ள துளையில் குத்தும்படி வாக்காளர்களுக்கு நினைவூட்டவும் என்று. பொருளைப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்லும் வாக்கியமே இத்தனை பக்கத்தில், பக்கத்தில் என்று போனால் பொருள் எப்படி இருக்கும்?

விற்பனைக்குப் பிந்தைய சேவை பற்றியும் சொல்லவேண்டும் இல்லையா. மோசம். கார்டில் முழுசாக விழாமல் தொங்கிய துண்டுகள், அழுந்தி மட்டும் இருந்த துண்டுகள் இவற்றை அதிகாரிகள் கண்ணாடி வைத்துப் பார்த்த படங்கள் உலகம் முழுக்க வந்தன. அது வேறு கோளாறு. கைகளால் எத்தனை தடவை எண்ணினாலும் 4ல் விழுந்த சுத்தமான ஓட்டை பியூக்கானன் கணக்குதான். மறுதேர்தல் கேட்டு உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், அதிபர் தேர்தலை ஒரு கவுண்டிக்கு மட்டும் திரும்ப நடத்தச் சொல்ல அதிகாரம் இல்லை என்றார் நீதிபதி. டிசம்பர் 1ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம், சீட்டு தேர்தலையே ரத்து செய்யும் அளவுக்குச் சட்டத்தை மீறவில்லை என்று முடித்துவிட்டது. டிசம்பர் 12ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையையும் நிறுத்தியது. ஆக, குறை இருப்பது எல்லோருக்கும் தெரியும், மாற்றித் தர ஆள் இல்லை. அங்கே தேர்தல் அதிகாரியையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள், லெபோர் 2004ல் தேர்தலில் தோற்றுப் பதவியை இழந்தார். அவர் மேல் எனக்கு வருத்தம்தான், கிழவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கப் போய்த்தான் இவ்வளவும். அச்சுக்குப் போகும் முன் அந்தக் கிழவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டுக் குத்தச் சொல்லியிருந்தால் போதும், வடிவத்தைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் எல்லாம் கட்சிக்காரர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் விமர்சனம் முடியாது, நம் ஊர்ப் பொருளையும் எடுத்துக்கொள்வோம். மாமனார் ஞாபகப்படுத்திய ஒரு விஷயம்: காகிதச் சீட்டு இருந்த காலத்தில் கொடுத்த ரப்பர் முத்திரை, வளைந்த கைகள் கொண்ட சிலுவை வடிவம். ஏன் வெறும் பெருக்கல் குறி இல்லை? மை காயும் முன் சீட்டை மடித்தால் எதிர்ப்பக்கம் இன்னொரு சின்னத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். பெருக்கல் குறி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான், இந்த முத்திரையோ ஒட்டினால் கை எதிர்த்திசையில் வளைந்திருக்கும், எது குத்தியது எது ஒட்டியது என்று எண்ணுகிறவருக்குப் பார்த்ததும் தெரியும். "எத்தனை ஓட்டைக் காப்பாத்தியிருக்கோம் தெரியுமா அதை வச்சு" என்றார். வாக்காளர் தப்பாக மடிப்பார் என்று முன்கூட்டியே யோசித்து ஒருவர் செய்த பொருள் அது. பாம் பீச்சுக்காரர்களிடம் பணம் இருந்தது, இந்த யோசனை இல்லை.

இப்போதைய ஓட்டு மெஷின் இன்னும் தேவலை. பெயர், போட்டோ, சின்னம், பொத்தான் எல்லாம் ஒரே வரியில், ஒரே நெடுவரிசையில். இரண்டு பேருக்கு அழுத்தவே முடியாது. அழுத்தியதும் விளக்கு, பீப், பக்கத்துப் பெட்டியில் 7 விநாடி சீட்டுத் தெரியும். ஆனால் நாமும் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். அந்த 7 விநாடியில் ஐயோ மாற்றி அழுத்திவிட்டேனே என்று தெரிந்தால் என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய முடியாது, பாம் பீச்சில் கேட்டிருந்தால் புதுக் கார்டாவது கொடுத்திருப்பார்கள். அப்புறம் ஒரே பெயர்க்காரர்கள் தொல்லை. 2024ல் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ.பன்னீர்செல்வத்தோடு அதே பெயரில் இன்னும் ஐந்து பேர், எல்லோரும் சுயேச்சை. கேரளாவில் 2004ல் ஆலப்புழையில் வி.எம்.சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார், அதே பெயர் கொண்ட சுயேச்சை ஒருவர் 8,000க்கு மேல் வாங்கியிருந்தார். பாம் பீச்சில் குழப்பத்தை அதிகாரி தெரியாமல் உண்டாக்கினார், இங்கே தெரிந்தே ஆள் பிடித்து நிறுத்துகிறார்கள். போட்டோ போடத் தொடங்கிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

பட்டாம்பூச்சிச் சீட்டு இப்போது புழக்கத்தில் இல்லை. 2002ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு, பணமும் கொடுத்து, பஞ்ச் கார்டு கருவிகளை மாற்றச் சொன்னது. அதற்குப் பதில் வந்த டச் ஸ்கிரீனில் 2006ல் ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் சுமார் 18,000 பேர் நாடாளுமன்ற உறுப்பினர் போட்டிக்கு மட்டும் ஓட்டுப் போடாமல் வந்துவிட்டார்கள். அடுத்த போட்டிக்குப் பளிச்சென்று பெரிய தலைப்புப் பட்டை வைத்திருந்ததால் மேலே இருந்த அந்த இரண்டு பெயரும் பலர் கண்ணில் படவே இல்லை. அந்தத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 369. 2018ல் பிரோவர்டில் திரும்பவும் காகிதம், இடது ஓரத்தில் மூன்று மொழியில் நீளமான வழிமுறைகள், அதற்குக் கீழே மூலையில் செனட் (நாடாளுமன்ற மேலவை) போட்டி. கவர்னருக்குப் போட்ட பல ஆயிரம் பேர் செனட்டுக்குப் போடவில்லை. மாநிலம் முழுக்க வித்தியாசம் 10,033. வழிமுறைகளுக்கு அடியில் போட்டியை வைக்காதே என்று நாட்டின் தேர்தல் உதவி ஆணையம் 2007லேயே எழுதி வைத்திருந்தது. வாக்காளர் வழிமுறையைப் படிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் அலுவலகங்கள் தங்களுக்கு வந்த வழிமுறையைப் படித்திருந்தால் பிரோவர்டுச் சீட்டுக்கு ஒன்றரை கொடுத்திருப்பேன், இப்போதைக்கு அதற்கும் ஒன்றுதான்.